கடைப்பேரை வெட்டாதீர்கள்

பழைய காலண்டர் படங்களைச் சேகரிப்பவர்களிடமும் விற்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கலாம் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். இரண்டு பத்தி தாண்டியதும், வேண்டுகோளுக்குரிய பணிவு என்னிடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. எனவே சண்டையாகவே இருக்கட்டும்.

சில வருடங்களாகச் சிவகாசிப் படங்களுக்கு மவுசு கூடியிருக்கிறது. காலண்டர் படம், தீப்பெட்டி லேபிள், சினிமாப் பாட்டுப் புத்தகம், பட்டாசுக் கட்டின் மேலுறை, பீடிக்கட்டு லேபிள், ஊதுபத்தி டப்பா எல்லாமே இன்றைக்கு 'வின்டேஜ்'. இதற்கென்றே இன்ஸ்டாகிராம் பக்கங்கள் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் காபிக் கடைச் சுவர்களில் லட்சுமியும் சரஸ்வதியும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சிரிக்கிறார்கள். நல்லதுதான். எடைக்குப் போய்க் கூழாகியிருக்க வேண்டிய காகிதம் பிழைத்துக் கிடக்கிறதே, அதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. என் சண்டை வேறு. சட்டம் போடுவதற்கு முன்னால் படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டி எறிகிறீர்கள். கடைப்பேர், உரிமையாளர் பேர், தெரு, போன் நம்பர், ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பேர் என்று இருக்கும் அந்த நாலு விரல் அகலப் பட்டை. பேச வசதியாக அதை அடிப்பட்டை என்று வைத்துக்கொள்வோம்.

போன வருடம் ஒரு பெருநகரக் கடையில் இப்படி வெட்டப்பட்ட முருகன் படத்துக்கு 4,500 ரூபாய் சொன்னார்கள். "கீழே இருந்தது எங்கே?" என்று கேட்டேன். "அது வெறும் விளம்பரம் சார், பார்க்க அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டோம்" என்றார் விற்பனையாளர், ஏதோ எனக்கு உபகாரம் செய்ததைப் போல.

நான் சொல்ல வருவது இதுதான். அந்தத் தாளில் வெட்டவே கூடாத பகுதி ஒன்று உண்டென்றால், அது அந்த 'வெறும் விளம்பரம்'தான். சேகரிப்பின் இன்பத்தில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. அதை வெட்டுகிறவர் தெரிந்தோ தெரியாமலோ ஓர் ஊரின் கணக்குப் புத்தகத்தைக் கிழிக்கிறார்.

*

நான் நாகர்கோவில்காரன். பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறேன். லீவுக்கு ஊருக்கு வந்தால் கோட்டாறு, வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் என்று ஆக்கர் கடைகளைச் சுற்றுவது வழக்கம். (வெளியூர்க்காரர்களுக்காக: பழைய இரும்பு, பேப்பர் எடுக்கும் கடையை நாங்கள் ஆக்கர் கடை என்போம்.) கடைக்கார அண்ணாச்சிகளுக்கு என்னைப் பழகிவிட்டது. "மக்கா, ஒனக்க ஐட்டம் ஒரு கட்டு வந்து கெடக்கு, வந்து பாரு" என்று போன் வரும். காலண்டர் படம் மட்டும் அறுநூறு சொச்சம் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் கரையான் தின்றவை, ஈரம் பட்டவை, ஆணி ஓட்டை விழுந்தவை. சந்தைக் கணக்கில் இவற்றுக்கு மதிப்பு கிடையாது. ஆனால் ஒன்றில்கூட அடிப்பட்டை போகவில்லை.

ஒரு காலண்டர் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடத்துக்கான ஆல்பம் வெளியாகும். ஏஜென்ட்கள் அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கடைத்தெருக்களில் ஏறி இறங்குவார்கள். ஆல்பத்தில் எல்லாச் சாமியும் உண்டு. முருகன், பிள்ளையார், திருப்பதி பெருமாள், இயேசுவின் திருஇருதயம், வேளாங்கண்ணி மாதா, மக்கா மதீனா. அதற்குப் பின்னால் குழந்தை, இயற்கைக் காட்சி, தலைவர்கள். கடைக்காரர் படத்தைத் தேர்ந்து, எத்தனை என்று சொல்லி, கடைப்பேரை எழுதிக்கொடுத்து, முன்பணம் கொடுப்பார். படம் மொத்தமாக அச்சாகும். கடைப்பேர் தனியாக அடிக்கப்படும். ஆக, ஒரே முருகன் திருச்செந்தூரிலும் இருப்பார், தருமபுரியிலும் இருப்பார். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அடிப்பட்டை மட்டும்தான்.

என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரே மென்பொருளை ஆயிரம் கம்பெனிக்கு விற்பது மாதிரி இது. கோட் ஒன்றுதான், கான்ஃபிக் ஃபைல் மட்டும் மாறும். ஒரு கம்பெனியில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் நாங்கள் திறப்பது கான்ஃபிக்கைத்தான். அதை அழித்துவிட்டு "சாஃப்ட்வேர் ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்கிறவனை எந்த டீமில் வைத்துக்கொள்வீர்கள்?

*

"சரி, பட்டையில் அப்படி என்ன சுகம்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சொல்கிறேன்.

கையில் ஒரு தாள் இருக்கிறது. வருடம் கிழிந்துபோய்விட்டது. எந்தக் காலம் என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் முகவரியைப் பார்ப்பேன். 'தென் திருவிதாங்கூர்' என்று இருந்தால் அது அநேகமாக 1956 நவம்பர் 1-க்கு முந்தையது. அன்றைக்குத்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தன. தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14-ல் வந்தது. அடுத்து பின்கோடு. 629001 என்று ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த முறை தொடங்கியதே அன்றுதான். விலை ஏதாவது போட்டிருந்தால் இன்னும் நல்லது. சக்கரக் கணக்கு என்றால் திருவிதாங்கூர்க் காசு, 28 சக்கரம் ஒரு ரூபாய். அணா என்றால் 1957-க்கு முன்னால். 'ந.பை.' என்று இருந்தால் நயா பைசா, அதாவது 1957 ஏப்ரலுக்கும் 1964 மே மாதத்துக்கும் இடைப்பட்டது. தீப்பெட்டி ஒரு ரூபாய் என்று போட்டிருந்தால் 2007-க்கும் 2021 நவம்பருக்கும் இடையில், அதன்பிறகு இரண்டு ரூபாயாகிவிட்டது.

எழுத்தின் வடிவமும் சாட்சி சொல்லும். துதிக்கை தூக்கிய பழைய 'லை', 'னை' இருக்கிறதா, இன்றைய வடிவமா? எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978 அக்டோபரில் வந்தது. ஆனால் இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதக்கூடாது. சின்ன அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்துகளைத் தேயும்வரை வைத்து ஓட்டின. அப்புறம் கொல்லம் ஆண்டு. நம் பக்கத்துப் பழைய கல்யாணக் கடிதம், கோயில் நோட்டீஸ் எல்லாவற்றிலும் இருக்கும். மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபோது கொல்லம் 1132. சேர்ந்த பிறகும் பழைய ஆண்டுக் கணக்கு நோட்டீஸ்களில் தொடர்ந்தது. எல்லைக்கோட்டை ஒரே நாளில் மாற்றலாம், பஞ்சாங்கத்தை அப்படி மாற்ற முடியாது.

இத்தனையும் சேர்ந்து ஒரு தாள் '1958-லிருந்து 1963-க்குள்' என்று சுருங்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, மூன்று நாளாகப் பிடிபடாத பக் ஒன்றை விடிகாலை மூன்று மணிக்குப் பிடிப்பதற்குச் சமம். இந்தச் சந்தோஷத்துக்கான கச்சாப்பொருள் முழுவதும் ஓரத்திலும் அடியிலும்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் முருகனுக்கு வயசு கிடையாது. அவர் என்றும் இளையவர், தேதி சொல்ல மாட்டார்.

*

அடுத்தது, வரைந்தவன் பெயர்.

பழைய அம்மன் படம் எதைக் கண்டாலும் 'ரவி வர்மா' என்று விற்பது ஒரு வியாதியாகிவிட்டது. கிளிமானூர் ராஜா ரவி வர்மா எங்கள் பழைய திருவிதாங்கூர்க்காரர்தான், பெருமைதான். ஆனால் 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் சில வருடங்களில் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போனது. அதன்பிறகும் அதே பேரில் பல காலம் ஓடியது. துரந்தர் போன்ற வேறு ஓவியர்களின் படங்களும் அங்கே அச்சாயின. எது யாருடையது, எந்தக் காலத்தது என்று அறிய உதவும் பொடி எழுத்து படத்தின் அடியில் இருக்கிறது. சட்டம் போடுகிறவனின் கத்தி முதலில் விழுவதும் அங்கேதான்.

கோவில்பட்டி கொண்டையராஜுவை எடுத்துக்கொள்வோம். மதராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் இருந்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். கம்பெனி கலைந்தபின் கோவில்பட்டியில் தங்கி ஸ்டுடியோ வைத்தார். 1976-ல் காலமானார். தமிழ்நாட்டில் பூஜையறை உள்ள வீடுகளில் அவர் கையோ அவருடைய சீடர்களின் கையோ படாத வீடு அபூர்வம். சுப்பையா, ராமலிங்கம், செண்பகராமன் என்று ஒரு பரம்பரையே அவரிடமிருந்து கிளைத்தது. ஒரு படத்தைத் தினமும் கும்பிடுகிறோம், வரைந்தவர் பேர் தெரியாது. அந்தப் பேரும் பெரும்பாலும் கீழ் மூலையில்தான் இருக்கும். அடிப்பட்டையை வெட்டுகிற அவசரத்தில் அரை அங்குலம் கூடப் போனால் கொண்டையராஜுவும் போய்விடுவார்.

காமிக்ஸ் வாசகர்களுக்கு இந்த வலி புரியும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. ஒரு தலைமுறையே அந்தக் கையைப் பார்த்து மயங்கிக் கிடந்தது. வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். மூலம் வெளிவந்த பிரிட்டிஷ் வார இதழிலேயே ஓவியர் பேர் போடும் பழக்கம் கிடையாது. பேர் இல்லாமல் அச்சடித்த காகிதத்தில் பேரைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் ரசிகர்கள். பேர் இருக்கும் காகிதத்தில் பேரை வெட்டி எடுப்பவர்களும் தங்களை ரசிகர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

சினிமாவுக்கு வாருங்கள். மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. எடுத்தவர் ஜே.சி. டேனியல். கடைசிக் காலத்தை எங்கள் மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் கழித்து, 1975-ல் அங்கேயே இறந்தார். படச்சுருள் இன்று இல்லை. திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் வெளியானது 1928-லா 1930-லா என்று பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. ஒரு மொழியின் சினிமா பிறந்த வருடமே தகராறு! இப்படிப்பட்ட தகராறுகளைத் தீர்க்க வல்லது தேதியும் அச்சகப் பேரும் உள்ள ஒரு துண்டு நோட்டீஸ். பாட்டுப் புத்தகத்தின் கடைசி அட்டையைக் கிழித்துவிட்டு முன்னட்டையிலுள்ள கதாநாயகியை மட்டும் லேமினேட் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1867-ம் வருடச் சட்டம் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்றது. யார் எதை அச்சடிக்கிறார்கள் என்று கண்காணிக்க வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடு. கண்காணிக்க வைத்த கண்ணி இன்றைக்கு நமக்கு விளக்கு. அதையா அணைப்பது?

*

இப்போது என் சண்டையின் மையத்துக்கு வருகிறேன்.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து – கிறிஸ்தவக் கலவரம் கடலோர ஊர்களுக்குப் பரவியது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் 'கலவரத்துக்கு முன்னாடி', 'கலவரத்துக்குப் பொறவு' என்று பெரியவர்கள் காலத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவதைக் கேட்டே வளர்ந்தேன்.

என்னிடம் 1983-ம் வருடக் காலண்டர் ஒன்று இருக்கிறது. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருந்த ஒரு பாத்திரக் கடை கொடுத்தது. கடைப்பேரில் ஒரு கிறிஸ்தவப் புனிதர் இருக்கிறார். உரிமையாளர் பேரும் கிறிஸ்தவப் பேர். மேலே இருக்கும் படம் வள்ளி, தெய்வானையோடு முருகன்.

கணக்குப் போடுங்கள். ஆடிக்குப் பிறகுதான் ஆர்டர் எடுப்பார்கள். எனவே கலவரம் நடந்து ஒன்பது மாதம் தாண்டுவதற்குள், அநேகமாக ஆறேழு மாதத்துக்குள், அந்த மனிதர் ஆல்பத்தைப் புரட்டி, முருகன் படத்தில் விரல் வைத்து, அதன் கீழே தன் புனிதரின் பேரை அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலண்டரை வாங்கிப்போன இந்து வீட்டுக்காரரும், புனிதரின் பேரைக் கிழிக்காமல் அப்படியே சுவரில் மாட்டியிருக்கிறார். ஆணி ஓட்டை இருக்கிறது, சாம்பிராணிப் புகையின் கறை இருக்கிறது.

இதை வைத்து மத நல்லிணக்கச் சுவரொட்டி அடிக்க நான் வரவில்லை. அவர் வியாபாரி. இந்து வாடிக்கையாளர் வேண்டும், அதனால் முருகன். கிறிஸ்தவ வாடிக்கையாளருக்குத் திருஇருதயமும் தனியாக அடித்திருப்பார், எங்கள் பக்கத்தில் பல கடைகள் இரண்டு மூன்று வகை அடிப்பது சாதாரணம். ஆனால் அந்த வருடத்தில், அந்த இடத்தில், அது சாதாரணமாக இருந்தது என்பதுதான் செய்தி. ஊரே இரண்டாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், குடமும் குத்துவிளக்கும் வாங்க ஆட்கள் அதே கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இந்தத் தாள் சாட்சி. எந்தக் கமிஷன் அறிக்கையிலும் இதை எழுத மாட்டார்கள்.

இப்போது அந்த நாலு விரல் பட்டையை மனதுக்குள் வெட்டிப் பாருங்கள். மிஞ்சுவது முருகன் மட்டும். எந்தச் சுவரிலும் தொங்கக்கூடிய, யாருக்கும் எதையும் சொல்லாத முருகன். விலை 4,500.

*

எதிர்வாதங்கள் வரும். வரட்டும்.

'விளம்பரம் கலையைக் கெடுக்கிறது' என்பார்கள். காலண்டர் ஓவியனுக்குச் சோறு போட்டது அந்த விளம்பரம்தான். நம் ஊரில் புரவலன் பேரைப் பொறிப்பது புதுசா என்ன? கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' எழுதுகிறவர்களைக் கேலி செய்யலாம், நானும் செய்வேன். ஆனால் சுசீந்திரம் கோயிலில் யார் விளக்கெரிக்க நிலம் கொடுத்தார், யார் ஆடு கொடுத்தார் என்று கல்லில் வெட்டி வைத்திருப்பதும் அதே உபயம்தானே? கே.கே. பிள்ளை 1953-ல் சுசீந்திரம் கோயிலைப் பற்றிப் பெரிய ஆய்வு நூல் எழுதினார் என்றால், அந்தக் கல்வெட்டுகள் இருந்ததால்தான் எழுதினார். திருப்பணி என்ற பேரில் மணலை வீசியடித்துக் கல்வெட்டைத் தேய்த்தபோது நாம் கொதித்தோம். அடிப்பட்டையை வெட்டுவது காகிதத்தின் மேல் மணல் வீசுவது.

'இதெல்லாம் வெறும் நாஸ்டால்ஜியா' என்பார்கள். எனக்கு முப்பத்து நாலு வயது. நயா பைசாவை நான் செலவழித்ததில்லை. அறியாத காலத்துக்காக ஏங்க என்னால் முடியாது, அறிய மட்டுமே முடியும். 'அந்தக் காலம் போல வருமா' என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்குத்தான் அடிப்பட்டை தொந்தரவு. அதில் ஒரு குறிப்பிட்ட கடை, ஒரு குறிப்பிட்ட வருடம், சில நேரம் கடைக்காரரின் சாதிப்பட்டம் எல்லாம் இருக்கும். பொத்தாம்பொதுவான பொற்காலத்துக்கு முகவரி இருந்தால் சிக்கல்.

இலக்கிய நண்பர்கள், 'இந்த நேரத்தில் நாலு நல்ல நாவல் படிக்கலாமே' என்கிறார்கள். படிக்கிறேன். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ல் வந்தது. கடைத்தெருவும் போட்டியும் வம்பும் தேர்தலுமாக ஓர் ஊர் முச்சந்தி அதில் இலக்கியமாகியிருக்கிறது. நாவலைத் தலையில் வைத்துக்கொண்டாடும் நாம், அதே கடைத்தெருக்கள் தம் கையால் அச்சடித்துக் கொடுத்த காகிதத்தைக் கிலோ 12 ரூபாய்க்குப் போடுகிறோம். இரண்டுக்கும் இடம் உள்ள அலமாரி எந்த வீட்டிலும் உண்டு.

கடைசியாக, 'படமே போதும், இப்போ ஏஐ-யே விதவிதமா வரைஞ்சு தருதே' என்பவர்கள். ஆமாம், தருகிறது. பழைய சிவகாசி பாணியில் ஒரு லட்சுமி என்று கேட்டால் அரை நிமிடத்தில் வந்துவிடும். அந்த லட்சுமிக்கும், அடி வெட்டப்பட்ட உங்கள் லட்சுமிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு தடவை உங்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஊர் இல்லை.

*

முறையாகச் சேகரித்தவர்கள் இல்லாமல் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு நிறுத்தாமல் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கசக்கி எறிந்ததையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தார். அந்தத் தொகுப்பை வைத்துத்தான் 1994-ல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு, சென்னையில் அவர் பேரில் நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சுப் பண்பாட்டைப் பற்றி எழுத நினைக்கும் எவரும் அந்தப் படியை மிதிக்காமல் போக முடியாது.

அமெரிக்காவின் சைரக்யூஸ் நகரில் ஜெஃபர்சன் பர்டிக் என்று ஒருவர் இருந்தார். மின்சாதனத் தொழிற்சாலைத் தொழிலாளி. சிகரெட், மிட்டாய்ப் பொட்டலங்களோடு இலவசமாக வரும் சின்ன அட்டைகள் போன்ற அச்சுக் காகிதங்களை மூன்று லட்சத்துக்கும் மேல் சேர்த்து, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மூட்டுவாதத்தில் முடங்கிய கைகளோடு வருடக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து அடுக்கினார். 1963-ல் வேலையை முடித்தார், அதே வருடம் இறந்தார். அவர் அடுக்கிய முறையைக் கவனியுங்கள். அட்டையில் இருப்பது யார் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். எந்தச் சரக்கோடு வந்தது, யார் வெளியிட்டது என்பதை வைத்துத்தான் பிரித்தார். அவர் அட்டவணையே அடிப்பட்டைகளின் அட்டவணை.

ஆகவே, சேகரிக்கும் தம்பி தங்கைகளே, மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, படம் எடுத்துப் போடும்போது முழுத் தாளையும் எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படத்தோடு வரும் தகவல் உதிர்ந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். இரண்டு, எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது என்று பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். மூன்று, ஸ்கேன் செய்யக் கேட்டு யாராவது வந்தால் கதவைத் திறங்கள். பீரோவுக்குள் பூட்டிக்கிடக்கும் அபூர்வப் பிரதிக்கும் கரையான் தின்ற பிரதிக்கும் ஊருக்கு ஒரே பயன்தான்.

விற்பனையாளர்களிடம் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. சுவருக்கு அழகுதான் வேண்டுமென்றால் நகல் எடுத்து அதை வெட்டுங்கள், குஷன் தையுங்கள், கோப்பையில் அச்சடியுங்கள், யாரும் தடுக்கவில்லை. அசலில் கை வைக்காதீர்கள். 'இல்லை, வெட்டித்தான் தீருவேன்' என்றால் மேலே இருப்பதை நீங்களே நல்ல விலைக்கு விற்றுக்கொள்ளுங்கள். கீழே விழுந்த துண்டை எனக்கு அனுப்பிவிடுங்கள். தபால் செலவு என்னுடையது.